செவ்வாய்க்கிழமைக் கேள்விகள்

கோத்தா திங்கிக்கு மேற்கே, ஆறு இரண்டு முறை வளைந்து செல்லும் இடத்தில் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், 1932ஆம் ஆண்டு ஆடி மாதம் வரை நோயாளிகளை யாரும் கேள்வி கேட்டதில்லை. காய்ச்சல்காரனுக்குக் கொய்னா, வயிற்றுவலிக்காரனுக்கு விளக்கெண்ணெய், இரண்டிலும் சேராதவனுக்குப் பேதியுப்பு என்று தோட்டத்து ஆஸ்பத்திரியின் வைத்தியம் மூன்று புட்டிகளில் அடங்கியிருந்தது. டிரெசர் சதாசிவம் பதினெட்டு ஆண்டுகளாக அம்மூன்றையும் அளவு தவறாமல் ஊற்றிவந்தார். அவருக்கு வயது நாற்பத்தாறு. அவர் யாரையும் ஏமாற்றியதில்லை. யாரையும் உற்றுப் பார்த்ததும் இல்லை.

ஆடியில் புதிய டாக்டர் வந்தார். லியாக்கத் அலி என்று பெயர்; சிங்கப்பூரில் படித்தவர்; ஐந்து தோட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. இந்தத் தோட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை. முதல் நாள் அவர் ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேருக்கும் மூன்று நாளாகக் காய்ச்சல்.

"டிரெசர், இந்தத் தோட்டத்துல எல்லாரும் பேசிவச்சுக்கிட்டா நோவுல படுக்குறாங்க?"

"அப்படித்தான் சொல்றாங்க டாக்டர்."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க."

டாக்டர் புத்தகத்தை மூடினார். அடுத்த செவ்வாயிலிருந்து பாடம் தொடங்கியது. நோயாளி முக்காலியில் அமர்வான், எதிரே சதாசிவம், அவருக்குப் பின்னால் கைகட்டியபடி டாக்டர். என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது, என்ன சாப்பாடு, சில மாதம் முன்பு எங்கே இருந்தான், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று வரிசையாகக் கேட்க வேண்டும். அவன் பேசி நிறுத்தும்வரை குறுக்கிடக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். பிறகு பார்க்க வேண்டும், தொட வேண்டும், தட்ட வேண்டும், குழல் வைத்துக் கேட்க வேண்டும். இவ்வளவும் முடியும்வரை புட்டியின் பக்கம் கை போகக் கூடாது. மார்கழிக்குள் தேறினால்தான் டிரெசர் வேலை நிலைக்கும் என்று மேலிடத்து உத்தரவு இருந்தது. முதல் மாதத்தில் சதாசிவம் கேட்டது கொஞ்சம், வியர்த்தது அதிகம்.

கூலிகள் குடியிருந்த லயத்தில் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. ரப்பர் விலை விழுந்து பாதிக் காட்டில் பால் வெட்டு நின்றுபோன வருடம் அது. தை மாதத்திலிருந்து நாற்பத்து மூன்று குடும்பங்கள் 'வேலைக்கு ஆகாதவர்' என்ற சீட்டோடு லாரியேறிச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியிருந்தன. சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் டாக்டர். ஆகவே கேள்வி கேட்கிறவர் பட்டியல் எழுதுகிறார் என்று லயம் முடிவு செய்தது.

"முன்னெல்லாம் நாக்க நீட்டும்பாரு, ஊத்துவாரு, வந்துருவோம்," என்றாள் பேச்சியம்மாள், குழாயடியில் குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி. "இப்ப எங்கப்பன் எப்படிச் செத்தாருன்னு கேக்குறாரு. எங்கப்பன் செத்து இருவது வருசமாச்சு. அவர எந்தக் கப்பல்ல ஏத்தப் போறாங்களாம்?"

குழாயடி சிரித்தது. அடுத்த வீட்டு அங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நீ என்னக்கா சொன்ன?" என்று கேட்டாள்.

"மூணு நாளா காய்ச்சல்னு சொன்னேன். அப்பன் மரத்துலேருந்து வுழுந்தாருன்னேன். மரத்துலேருந்து வுழுந்தா ஒட்டுவாரொட்டி கெடையாதுல்ல?" பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒம் புருசன் ஏண்டி சுவத்தப் புடிச்சுக்கிட்டு நடக்குறாரு?"

"கல்லு இடறிருச்சு."

"ரெண்டு காலுலயுமா?"

அங்கம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

அவள் கணவன் தங்கராஜுவின் கால்கள் ஒரு மாதமாகவே அவன் சொற்படி நடக்கவில்லை. முதலில் பாதம் மரத்தது. பிறகு கெண்டைக்கால் கனத்தது. ஐப்பசி பிறந்தபோது கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. குழி நிரம்ப நேரமாயிற்று. முந்நூறு மரம் வெட்டுகிறவன் இருநூறு வெட்டிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். மீதி நூறை அங்கம்மா தன் மரங்களோடு சேர்த்து ஓடியோடி வெட்டினாள். பால் நிறுக்கும்போது கங்காணி அவர்கள் வாளிகளைப் பார்த்தாரே ஒழிய ஆட்களைப் பார்க்கவில்லை. அது எத்தனை நாளைக்கு என்பது தெரியாது.

கப்பலை அவள் அஞ்சியதற்குத் தெப்ராவில் ஒரு காரணம் இருந்தது. ஒரே மகள் புஷ்பவள்ளி அங்கே ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்; இப்போது ஆறு மாதக் கர்ப்பம். முதல் இரண்டும் தங்காமல் போனவை. இப்போது சீட்டு எழுதப்பட்டால் மூன்றாவதின் முகத்தை அவர்கள் பார்க்கப்போவதில்லை.

மறைக்க வேண்டியது கால் மட்டுமாக இருந்திருந்தால் அங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். பங்குனியில் பால் வெட்டு நின்றபோது, வேலை திரும்பும்வரை லயத்திலேயே காத்திருக்க வேண்டும், வெளிவேலைக்குப் போகிறவன் பெயர் தோட்டத்துப் பதிவிலிருந்து அடிக்கப்படும் என்று துரை சொல்லியிருந்தார். தங்கராஜு காத்திருக்கவில்லை. ஆற்றின் மேல்பகுதியில், கொங்சி என்னும் சீனர்களின் மரவேலை முகாம் ஒன்றில் நான்கு மாதம் பலகை இழுத்தான். "மக வீட்டுல காய்ச்சலாப் படுத்திருக்காரு" என்று அங்கம்மா தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் நான்கு மாதமும் சொன்னாள். தோட்டத்தில் வேலை திரும்பி அவன் வரும்போது, கொங்சி முதலாளியான தவுக்கே கூலிக்குப் பதிலாக ஒரு மூட்டை சயாம் வெள்ளையரிசி கொடுத்தனுப்பினார். மூட்டையின் மேல் சீன எழுத்து இருந்தது. அங்கம்மா கோணியை உட்புறம் வெளியாகத் திருப்பி, அரிசியைக் கொட்டி, படுக்கைப் பலகைக்கு அடியில் தள்ளினாள்.

தோட்டத்தில் எல்லாரும் உண்பது மீரா சாகிபு கடையின் புழுங்கலரிசி. அதை வாங்காமல் விட்டால், இவர்கள் எதைத் தின்கிறார்கள் என்ற கேள்வி வரும். ஆகவே வாங்கினாள், அதைத் தனக்கு வடித்துக்கொண்டாள். வெள்ளையரிசியைக் கணவனுக்கு வேறு பானையில் வடித்தாள். மல்லிகை போன்ற சோறு, நோயாளிக்கு இதமானது, ஒளித்து வைத்ததும் தீரும். கால் வீங்க வீங்க, அவள் அந்தப் பானையில் ஒரு பிடி கூடுதலாகப் போட்டாள்.

ஐப்பசி இரண்டாவது செவ்வாயன்று தங்கராஜு, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில், எல்லார் கண்முன்னும் விழுந்தான். நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய் முக்காலியில் உட்கார்த்தினார்கள். அங்கம்மா பின்னாலேயே ஓடி, யாரும் சொல்லாமலே அவன் அருகில் நின்றுகொண்டாள்.

"என்ன செய்யுது தங்கராஜு?" என்று கேட்டார் சதாசிவம்.

"ஒண்ணும் செய்யலிங்க. வழுக்கிருச்சு."

"எத்தனை நாளா?"

"இன்னைக்குக் காலையிலதாங்க வழுக்குச்சு," என்றாள் அங்கம்மா.

டாக்டர் பின்னாலிருந்து சொன்னார்: "அம்மா, அவரு பேசட்டும்."

"அவரு அதிகம் பேசமாட்டாருங்க."

"காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். தங்கராஜு தரையைப் பார்த்தான். அங்கம்மா தங்கராஜுவைப் பார்த்தாள். சதாசிவம் புத்தகத்தைப் பார்த்தார். அதில் எழுத ஒன்றும் இல்லை.

"போன சித்திரை வைகாசியில எங்க இருந்தீங்க?" என்று டாக்டர் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி அவர் கேட்டார். "வேற எடத்துக்குப் போனா அந்த எடத்து நோவும் கூட வரும். அதுக்குத்தான் கேக்குறது."

"தெப்ராவுல. மக வீட்டுல. காய்ச்சல்," என்றான் தங்கராஜு. நான்கு மாதம் மனப்பாடம் செய்த சொற்கள் ஆகையால் அவை தடையின்றி வந்தன.

"என்ன சாப்பாடு?"

"எல்லாரும் திங்கிறதுதாங்க," என்றாள் அங்கம்மா.

கேள்விகள் முடிந்தன. பார்க்கச் சொன்னார் டாக்டர். சதாசிவம் கால்களைப் பார்த்தார். தொடச் சொன்னதும் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், குழி விழுந்தது. கெண்டைக்காலைப் பிடித்தபோது தங்கராஜு பல்லைக் கடித்தான். முழங்காலுக்குக் கீழே ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடியும் தட்டினார். மரக்கட்டையைத் தட்டியதுபோல இருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் முதல் முறையாகச் சதாசிவத்துக்கு ஒரு மனிதனின் உடம்பு விடை சொன்னது. அந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை.

"பெரிபெரி," என்றார் மெதுவாக. "ஆனா டாக்டர், அது சீனர் கொங்சியில வர்ற நோவு. தீட்டுன வெள்ளையரிசி திங்கிறவங்களுக்கு வர்றது. புழுங்கலரிசி திங்கிற நம்மாளுக்கு வந்து நான் பாத்ததில்லையே?"

"உடம்பு ஒரு கதை சொல்லுது, வாய் ஒரு கதை சொல்லுது. ரெண்டுல ஒண்ணு தப்பு. எதுன்னு கண்டுபிடிங்க. நெஞ்சுக்கு ஏறிட்டா ஒரு வாரம் தாங்காது."

'கொங்சி' என்ற சொல் அங்கம்மாவின் காதில் விழுந்தது. மற்றவை விழவில்லை. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். பேச்சியம்மாள்தான். வேறு யார்?

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, சோறு வடிக்கும் வேளையாகப் பார்த்து, சதாசிவம் லயத்துக்கு வந்தார். டிரெசர் லயத்துக்கு வருவது சாவு வீட்டுக்கு மட்டும்தான். கதவுகளில் தலைகள் முளைத்தன.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? அவரு இன்னும் உசிரோடதான் இருக்காரு," என்றாள் அங்கம்மா, வாசலை மறித்துக்கொண்டு.

"தெரியும்மா. உள்ள வரலாமா?"

"சோதனை போடவா?"

"ஒரு கேள்வி கேக்கணும்."

"நேத்துக் கேட்டது பத்தலியா? எழுதிக்கிட்டுப் போய் யாருகிட்டக் காட்டுறீங்க? தொரைகிட்டதானே?"

சதாசிவம் மறுக்கவில்லை. புத்தகத்தைத் துரை வாரம் ஒருமுறை படிப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அவர் பார்வை அவள் தோளுக்கு மேலாக அடுப்புக்குப் போயிற்று. அடுப்பில் ஒரு பானை; பக்கத்தில், கவிழ்த்து வடியும் இன்னொரு பானை.

"ரெண்டு பேருக்கும் ஒரே சோறாம்மா?"

இந்தக் கேள்விக்கு அங்கம்மா பதில் தயாரித்திருக்கவில்லை. கொங்சி, தெப்ராவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தாள். உள்ளேயிருந்து தங்கராஜு, படுத்தபடியே, "எனக்கு மட்டும் நல்ல சோறு போடுறாய்யா. அவளுக்கு அது கெடையாது," என்றான். அவன் மனைவியைப் புகழ்ந்துதான் சொன்னான்.

சதாசிவம் உட்கார்ந்து, கவிழ்த்திருந்த பானையை நிமிர்த்தி, வெள்ளைச் சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தார். அது கொல்லும் என்பதை மூன்று வாக்கியங்களில் சொன்னார். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு ஒரு சத்து போய்விடுகிறது. அந்தச் சத்து இல்லாமல் நரம்பு பட்டுப்போகும். பிறகு நெஞ்சு நிற்கும். இனிமேல் அவனுக்குப் புழுங்கல் சோறும் அவித்த பச்சைப்பயறும் தவிட்டுக் கஞ்சியும் மட்டுமே.

அங்கம்மா அந்தப் பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நானா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாமத்தானே."

"இந்த அரிசி எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதப்போறீங்களா?"

"என்ன தின்னாருன்னு எழுதுவேன். அதுக்கு மேல எழுதமாட்டேன்."

அவள் நன்றி சொல்லவில்லை. இவர் ஏன் எழுதாமல் விடுகிறார், பதிலுக்கு என்ன கேட்பார் என்று யோசித்தாள். அன்றைக்கே மிச்சமிருந்த அரிசியை ஆற்றில் கொட்டினாள்.

வீக்கம் நான்கே நாளில் வடியத் தொடங்கியது. புத்தகத்தில் 'வெள்ளையரிசி உண்டமையால்' என்றிருந்ததைத் துரை அந்த வாரக் கடைசியில் படித்தார். தோட்டத்து அரிசி முழுவதும் மீரா சாகிபு கடையிலிருந்து வருவது. ஆகவே வெள்ளையரிசியும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். மலிவான குருணையைப் புழுங்கலோடு கலந்து கூலிகளைக் கெடுத்திருக்கிறான். துரையின் தர்க்கத்தில் பிழை இல்லை. மாதக் கடைசியில் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்படி உத்தரவாயிற்று.

பதினான்கு வருடமாக அங்கே கடை வைத்திருந்தவர் மீரா சாகிபு. மறுநாள் முதல் லயமே அவருக்கு எதிராகத் திரும்பியது. "அதானே பாத்தேன், எனக்கும் காலு மரத்துச்சு," என்றாள் பேச்சியம்மாள். இரண்டு நாளில் பதினேழு பேருக்குக் கால் மரத்தது.

மூன்றாம் நாள், மழையில், மீரா சாகிபு ஒரு வெள்ளைத் துண்டை ஏந்தியபடி வீடு வீடாக வந்தார். ஒவ்வொரு வீட்டுப் பானையிலிருந்தும் ஒரு பிடி அரிசி கேட்டார். துரையிடம் காட்டுவதற்காம்.

"அலமாக், நான் கலப்பேனாம்மா? ஊருல எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. ஒரு பிடி கொடு தாயீ. என் கடை அரிசி எதுன்னு தொரை கண்ணால பாக்கட்டும் லா."

அங்கம்மா உள்ளே போய்த் தன் பானையிலிருந்து ஒரு பிடி அள்ளிவந்து துண்டில் போட்டாள். அவர் அதை விரலால் பரப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா, புழுங்கலு! அசல் புழுங்கலு! உம் புருசனுக்குத்தான் நோவுங்கிறாங்க. உன் வீட்டு அரிசியே இப்படி இருக்குன்னா, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நீ நல்லா இருப்பே தாயீ." அந்தப் பிடியை மற்றவற்றோடு கலக்காமல் தனி முடிச்சாக முடிந்துகொண்டு போனார்.

துரை முடிச்சை அவிழ்க்கச் சொல்லவே இல்லை. கலப்படக்காரன் நல்ல அரிசியைத்தான் காட்டுவான் என்றாராம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அங்கம்மா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"யாருக்கு உடம்புக்கு முடியல?" என்றார் சதாசிவம்.

"அவருக்குத்தான். அன்னைக்குச் சொன்னது பொய்யி. மொதல்லேருந்து சொல்றேன்."

சதாசிவம் எழுந்து கதவைச் சாத்தப் போனார். "அம்மா, நீ வீட்டுக்குப் போ. நான் எப்படியாவது..."

டாக்டர் அவர் தோளில் கை வைத்து உட்கார்த்தினார். பிறகு அங்கம்மாவிடம், "எழுதினா தொரை படிப்பாரும்மா. எழுதாம இருக்க எனக்கு முடியாது," என்றார்.

"படிக்கட்டும். சாய்பு என்னை வாழ்த்திட்டுப் போனாருங்க. அதுலேருந்து சோறு எறங்கல."

பங்குனியிலிருந்து தொடங்கினாள். பால் வெட்டு நின்றது, கொங்சிக்குப் போனது, கிராணியிடம் சொன்ன பொய், மூட்டை, இரண்டு பானை. இடையில் யாரும் பேசவில்லை. சதாசிவம் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். அந்த ஆண்டு அந்தப் புத்தகத்தில் பதிவான வரலாறுகளில் முழுமையானது அது ஒன்றே.

மீரா சாகிபுவின் கடை தப்பியது. தங்கராஜுவின் பெயர் அன்றைக்கே அடிக்கப்பட்டது. துரை அதோடு விடவில்லை. நடக்க முடியாதவனுக்கு ஆகாதவன் சீட்டு எழுதி இருவரையும் கப்பலேற்றிவிடலாம் என்றார். வைத்தியம் பாதியில் இருக்கும் ஆளுக்குச் சீட்டு எழுத முடியாது, ஆறு வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றார் டாக்டர். தேறினால், எங்கு வேண்டுமானாலும் போகலாம், தேறாவிட்டால், கப்பல்.

ஆறு வாரமும் பயறும் தவிடும் வெந்தன. தங்கராஜு சுவரை விட்டான்; பிறகு கோலை விட்டான். மேட்டையும் படியையும் அவன் கால்கள் இன்னும் நம்பவில்லை.

மார்கழி முதல் செவ்வாய். விடியுமுன் பிடித்த மழை ஆஸ்பத்திரித் தகரக்கூரையில் இரைந்துகொண்டிருந்தது. பகலிலேயே வராந்தாவில் விளக்கு வைத்திருந்தார்கள். துரை நனைந்த தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அது சதாசிவத்தின் கடைசிப் பரீட்சையுங்கூட.

"என்னா, ஆளு வேலை செய்வானா, மாட்டானா?" என்றார் துரை.

"டிரெசர் பாத்துச் சொல்வாரு," என்றார் டாக்டர்.

கைகளைத் தலைமேல் வைத்துக் குந்தி உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். பெரிபெரிக்காரன் எழமாட்டான், முழங்காலில் கை ஊன்றாமல் அவனால் முடியாது. சதாசிவம் முன்னால் நின்றார். அங்கம்மா தங்கராஜுவின் இடது பக்கத் தூணருகே நின்றாள். டாக்டரும் துரையும் வலது பக்கம்.

தங்கராஜு குந்தினான். எழத் தொடங்கினான். பாதி எழுந்தபோது தொடைகள் நடுங்கின. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இடது கை தலையை விட்டு இறங்கியது. இரண்டு விரல்கள் முழங்காலில் பட்டு ஊன்றி விலகின. கண் இமைக்கும் நேரம். பிறகு அவன் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன பாத்தீங்க?" என்றார் டாக்டர். "பாத்ததை மட்டும் சொல்லுங்க."

"எழுந்தாரு. பாதியில தள்ளாடினாரு. தொடை நடுங்குச்சு. கை எறங்குச்சு." சதாசிவம் நிறுத்தினார். "முழங்கால்ல படல."

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். தள்ளாடியதையும் நடுங்கியதையும் கேட்காமலே சொன்ன மனிதரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. டாக்டர் தேறினான் என்று எழுதிக் கையெழுத்திட்டார். தேறியது தங்கராஜுவா, டிரெசரா என்பதை அவர் விளக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, துறையில் தெப்ராவுப் பக்கம் போகிற படகு காத்திருந்தது. தங்கராஜு ஏறி உட்கார்ந்துவிட்டான். சதாசிவம் ஒரு பொட்டலம் தவிடு கொண்டுவந்து கொடுத்தார். அங்கம்மா வாங்கிக்கொண்டு, அதை அவிழ்த்து முகர்ந்து பார்த்து, மறுபடி கட்டினாள்.

"அய்யா, அன்னைக்கு நீங்க நேரா முன்னாடிதானே நின்னீங்க?"

"ஆமா."

"நான் எடது பக்கம் நின்னேன்."

சதாசிவம் படகுக்காரனைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "எடது பக்கத்துலேருந்து என்ன தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

அங்கம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவர் கேட்ட கேள்விகளிலேயே இதற்குத்தான் அவர் பதிலுக்குப் பயந்து நின்றார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலிங்க. வெயிலு கண்ணுல அடிச்சிச்சு."

"ஆமாம்மா," என்றார் சதாசிவம். "அன்னைக்கு நல்ல வெயிலு."